எந்தக் கல்லிலிருந்து அளந்தார்கள்? மனை வாங்கும் முன் சர்வேயரை அமர்த்துவது பற்றி

மனை பிடித்துப்போய்விட்டது, விலையும் பேசியாயிற்று. முன்பணம் கொடுக்கப் போகும்போது யாராவது ஒருவர் சொல்வார், "எதற்கும் ஒரு சர்வேயரை வைத்து அளந்து பார்த்துவிடுங்கள்." சரி, எந்தச் சர்வேயரை? தாலுகா அலுவலகத்திலிருந்து வருபவரையா, டோட்டல் ஸ்டேஷன் கருவியோடு மறுநாளே வந்து நிற்கும் தனியாரையா, சில ஆண்டுகளாகச் செய்திகளில் அடிபடும் 'உரிமம் பெற்ற நில அளவர்' என்பவரையா, வீட்டுக்கு பிளான் போட்டுத் தருபவரையா? நான்கு பேரையும் ஊரில் சர்வேயர் என்றுதான் சொல்கிறோம். ஆனால் ஒவ்வொருவரின் கையெழுத்துக்கும் மதிப்பு வேறு. இந்தக் குழப்பத்தில் பணம் கொடுத்து அளந்தும் பயனில்லாமல் போனவர்கள் நிறையப் பேர்.

தமிழ்நாட்டில் இந்த வேலை எப்படி நடக்கிறது, யாரை எதற்கு அமர்த்த வேண்டும், அவர் செய்தது சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

ஒரே நிலம், மூன்று இடத்தில் இருக்கிறது

உங்கள் மனை மூன்று இடங்களில் இருக்கிறது.

1. பத்திரத்தில். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கு எல்லைகள், பக்க அளவுகள், பரப்பு, சர்வே எண் எல்லாம் எழுதியிருக்கும். இது வருவது பதிவுத் துறை வழியாக.

2. வருவாய்த் துறைப் பதிவேட்டில். பட்டா, சிட்டா, சர்வே எண் வாரியாக நில விவரம் எழுதிய அ-பதிவேடு, அப்புறம் எஃப்எம்பி என்று எல்லோரும் சொல்லும் புலப்படம், அதாவது ஒரு சர்வே எண்ணுக்கு உரிய நிலத்தின் (புலத்தின்) அளவுப் படம். நகரமாக இருந்தால் சர்வே எண்ணுக்குப் பதில் வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர அளவை எண்) என்று நகர நில அளவைப் பதிவேட்டில் இருக்கும்.

3. தரையில். கல், வேலி, வரப்பு, பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பிய காம்பவுண்டுச் சுவர்.

இந்த மூன்றும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. ஒத்துப்போகிறதா என்று சொல்வதுதான் சர்வேயரின் வேலை. நிலம் யாருக்குச் சொந்தம் என்று அவர் தீர்ப்பதில்லை. பட்டாவே உரிமை மூலம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கும்போது, அளந்து போட்ட ஒரு வரைபடம் உரிமையைத் தந்துவிடாது. உரிமையைப் பத்திரத்தையும் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் படித்து வழக்கறிஞர் சொல்ல வேண்டும். சர்வேயர் சொல்வது கோடு எங்கே போகிறது என்பதை மட்டும்.

புலப்படம் என்பது என்ன

நவீன நில அளவையின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குப் பெரிய இடம் உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் நோக்கிச் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பெரும் வேலைக்கு அதுதான் தொடக்கம். ஆனால் உங்கள் மனைக்கும் அந்த முக்கோணங்களுக்கும் நேரடித் தொடர்பு குறைவு. கிராமத்தில் வயல் வயலாக நடந்தது வேறு அளவை, சங்கிலியால் செய்தது.

அந்தச் சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் 100 கண்ணிகள். ஒரு கண்ணியை லிங்க் என்பார்கள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். பழைய புலப்படங்களில் அடியும் இல்லாமல் மீட்டரும் இல்லாமல் ஓர் எண் இருந்தால் அது லிங்க்காக இருக்கலாம். அதை அடி என்று நினைத்துக் கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு தவறாகிவிடும், ஏனென்றால் ஒரு லிங்க் 0.66 அடிதான்.

புலப்படத்தை முதல் தடவை பார்ப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. அதில் இருப்பதைப் பிரித்துப் பார்த்தால் எளிது.

- புலத்தின் வெளி எல்லைக் கோடு. இதைத்தான் எஃப் லைன் என்கிறார்கள். "எஃப் லைன் அளக்க மனு போடுங்கள்" என்பதன் பொருள் எல்லையைக் காட்டச் சொல்லுங்கள் என்பது.
- புலத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போகும் புள்ளிக்கோடு. இது ஜி லைன். தரையில் இந்தக் கோடு கிடையாது, அளப்பதற்காக மனதில் போட்டுக்கொண்டது.
- ஜி லைனிலிருந்து எல்லை வளையும் ஒவ்வொரு இடத்துக்கும் செங்குத்தாகப் போட்ட சிறு கோடுகள், அவற்றின் மேல் எண்கள். கோட்டில் எவ்வளவு தூரம் நடந்து, அங்கிருந்து பக்கவாட்டில் எவ்வளவு போனால் எல்லை வரும் என்பதை இவை சொல்கின்றன. பார்ப்பதற்கு ஏணிப்படி மாதிரி இருப்பதால் லேடர் என்று பெயர்.
- உள்ளே 1, 2, 3 அல்லது 1ஏ, 1பி என்று பிரிக்கும் உட்பிரிவுக் கோடுகள்.

இதில் முக்கியமான ஒன்று. புலப்படத்தில் ஸ்கேலை வைத்து அளக்கக் கூடாது. 1:2000 அளவில் வரைந்த படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் இரண்டு மீட்டர். கோட்டின் தடிமனே ஒரு மீட்டர் வந்துவிடும். நம்ப வேண்டியது எழுதியிருக்கும் எண்களை. படத்தை ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்து, "இங்கே கோணலாக இருக்கிறதே" என்று சண்டைக்குப் போவதில் அர்த்தமே இல்லை.

1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் எனும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல கிராமங்களில் எண்கள் மாறின, கூட்டாக இருந்தவை பிரிந்தன, பரப்பு ஹெக்டேர்-ஏர்ஸ் கணக்குக்கு வந்தது. அப்போது ஏறிய பிழைகள் இன்றைக்கும் பட்டாவில் தொடர்வது உண்டு. அதனால்தான் பழைய பத்திரத்தில் ஒரு சர்வே எண், இப்போதைய பட்டாவில் இன்னொன்று. இரண்டையும் இணைத்துக் காட்டும் பதிவேடு தாலுகாவில் இருக்கும். அதைப் பார்க்காமல் அளக்க இறங்கினால் வேறு ஒருவருடைய நிலத்தை அழகாக அளந்துவிட்டு வரலாம்.

நான்கு சர்வேயர்கள்

1. அரசு நில அளவர். தாலுகா அலுவலகத்தோடு சேர்ந்த நில அளவைப் பிரிவில் இருப்பவர். குறுவட்ட அளவர் என்றும் ஃபிர்கா சர்வேயர் என்றும் சொல்வார்கள். அவருக்கு மேல் சார் ஆய்வாளர், வட்டத் துணை ஆய்வாளர் என்று அடுக்கு போகிறது. பக்கத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து, கிராம நிர்வாக அலுவலர் போன்றோர் முன்னிலையில் எல்லையைக் காட்டும் அதிகாரம் இவருடையது. விண்ணப்பத்தை இப்போது இணையவழியாகவும் பொதுச் சேவை மையம் வழியாகவும் போடலாம்.

2. உரிமம் பெற்ற நில அளவர். உட்பிரிவு மனுக்கள் தேங்கியதால், நில அளவை மற்றும் நிலவரித் திட்டத் துறை தகுதியுள்ளவர்களுக்குப் பயிற்சியும் உரிமமும் கொடுத்து அளவை வேலையில் பயன்படுத்துகிறது. இவர் நிரந்தர அரசு ஊழியர் இல்லை. இவர் அளந்ததைத் துறை அதிகாரி சரிபார்த்து ஒப்புதல் தந்தால்தான் பதிவேட்டில் ஏறும். உரிமம் இருப்பதால் அவர் சொன்னதே இறுதி என்று ஆகாது. அதே சமயம் துறையின் முறையில் பயிற்சி பெற்றவர் என்பதால் புலப்படம் படிப்பதில் கை தேர்ந்தவராக இருப்பார்.

3. தனியார் அளவையாளர். சிவில் அல்லது சர்வே படித்து, சொந்தக் கருவியோடு தொழில் செய்பவர். லேஅவுட் போடுவது, சாலை மட்டம் எடுப்பது, மேடு பள்ளம் காட்டும் வரைபடம் தயாரிப்பது, அஸ்திவாரத்துக்குப் புள்ளி வைப்பது எல்லாம் இவரிடம் வேகமாகவும் துல்லியமாகவும் நடக்கும். ஆனால் இவருடைய படம் பட்டாவில் ஒரு கோட்டைக்கூட மாற்றாது. பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தவும் செய்யாது.

4. கட்டட பிளான் போடுபவர். முன்பு மாநகராட்சிகளில் உரிமம் பெற்ற சர்வேயர் என்ற பெயரிலேயே இவர்கள் பிளானில் கையெழுத்துப் போட்டார்கள், பெயர் குழப்பமே அங்கிருந்து வந்ததுதான். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இவர்களைப் பதிவுபெற்ற பொறியாளர், பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் என்று வகைப்படுத்துகின்றன. பெரும்பாலும் இவர் பத்திரத்தில் உள்ள அளவை வைத்துத்தான் பிளான் வரைகிறார். மனை தரையில் அந்த அளவில் இருக்கிறதா என்பது தனி வேலை. அதை யாரிடமாவது நீங்கள் தனியாகக் கொடுத்தாக வேண்டும்.

மற்ற இடங்களில் ஏற்பாடு வேறு. இலங்கையில் காணி உறுதியோடு (நிலப் பத்திரத்தோடு) உரிமம் பெற்ற நில அளவையாளரின் வரைபடம் சேர்ந்தே போகிறது. யாழ்ப்பாணத்தில் பரப்பு, குழி என்ற அலகுகளில் பேசினாலும் வரைபடத்தில் ஏக்கர், ரூட், பேர்ச் கணக்கில் இருக்கும். அங்கே தனியார் அளவையாளரின் கையெழுத்துக்கு இருக்கும் கனம் இங்கே இல்லை. கர்நாடகத்தில் ஒரு சர்வே எண்ணில் பாதியை விற்கப் போனால், பதிவுக்கு முன்பே விற்கும் பகுதியைக் காட்டும் 11இ என்ற ஸ்கெட்ச் தயாராக வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் முதலில் பத்திரம், பிறகு உட்பிரிவு. "கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி" என்று காகிதத்தில் எழுதி விற்று முடித்த பிறகுதான் அது தரையில் பொருந்துகிறதா என்று பார்க்கிறோம். எல்லைத் தகராறுகளில் கணிசமானவற்றுக்கு இந்த வரிசையே காரணம் என்பது என் எண்ணம். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் வாங்குபவர் இந்த வரிசையைத் தானே மாற்றிக்கொள்ள முடியும்.

சட்டம் எங்கே நிற்கிறது

அடிப்படைச் சட்டம் 1923ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம். இதன்படி அரசு அறிவித்து நடத்தும் நில அளவையில் எல்லை முடிவாகி அறிவிக்கை வெளியானால், எல்லை சரியாக நிர்ணயிக்கப்பட்டது என்பதற்கு அதுவே முடிவான சான்று. ஒப்பாதவர் துறைக்குள் மேல்முறையீடு செய்யலாம். 14ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

இதன் விளைவு என்னவென்றால், இன்றைக்கு உங்கள் மனையை அளக்க வரும் யாரும் புதிதாக எல்லை போடுவதில்லை. முன்பே முடிவான கோட்டை மறுபடி தரையில் கண்டுபிடிக்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். கருவி எவ்வளவு நவீனமானது என்பது இரண்டாவது கேள்வி. எந்தக் கல்லிலிருந்து தொடங்கினார் என்பதே முதல் கேள்வி.

அளவை நடக்கும் நாளில்

நல்ல அளவர் உங்கள் மனையில் வந்து டேப்பை விரிப்பதில்லை. முதலில் மனையை விட்டு வெளியே போவார். கையில் புலப்படத்தோடு புலத்தின் மூலைகளைத் தேடுவார். கருவேலம் புதரை ஒதுக்கி, மண்வெட்டியால் ஓரடி தோண்டி, கல்லின் தலை தெரிந்ததும் மண்ணைத் தட்டி அதன் மேல் செதுக்கிய குறியைப் பார்ப்பார். மூன்று கிராமங்கள் சேரும் இடத்தில் நட்ட முச்சந்திக் கல் பக்கத்தில் கிடைத்தால் அதைவிட நல்ல தொடக்கம் வேண்டாம்.

ஒரு கல் கிடைத்தால் போதுமா? போதாது. கணக்கு எளிது.

1. முதல் கல் இடத்தைத் தருகிறது. ஆனால் அதைச் சுற்றி முழுப் புலமும் எந்தப் பக்கமும் திரும்பலாம்.
2. இரண்டாவது கல் திசையைத் தருகிறது. இப்போது புலம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஆனால் இரண்டில் ஒன்றை யாராவது நகர்த்தி வைத்திருந்தால் நமக்குத் தெரியாது.
3. மூன்றாவது கல் சரிபார்ப்பைத் தருகிறது. முதல் இரண்டிலிருந்து கணக்குப் போட்டால் மூன்றாவது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால் மூன்றும் நம்பத்தக்கவை. இல்லையென்றால் நான்காவதைத் தேட வேண்டும்.

கல்லே இல்லாத இடங்கள் இப்போது அதிகம். அப்போது பக்கத்துப் புலங்களின் கற்களிலிருந்தோ, பழைய கிணறு, கோயில், வாய்க்கால் போன்ற, படத்திலும் தரையிலும் இருக்கும் நிலையான அடையாளங்களிலிருந்தோ வர வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும். இந்த நேரத்துக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். வந்ததும் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் டேப்பின் நுனியைப் பிடிக்கச் சொல்பவரை அப்போதே நிறுத்திவிடலாம்.

ஏன் என்றால், ஒரு வரிசையில் 40 அடி அகலத்தில் எட்டு மனைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 320 அடி. முதல் மனைக்காரர் சுவர் வைக்கும்போது ஒன்றரை அடி தள்ளி வைத்துவிட்டார். இரண்டாமவர் அந்தச் சுவரிலிருந்து 40 அடி அளந்தார். மூன்றாமவர் இரண்டாமவரின் சுவரிலிருந்து. எல்லோருக்கும் 40 அடி சரியாக இருக்கிறது, யாருக்கும் சந்தேகமே இல்லை. எட்டாவது மனையை வாங்கியவர் வீடு கட்ட வரும்போது அவருக்கு 38½ அடிதான் மிச்சம். அதற்கு அப்பால் சாலை. தவறு செய்தவர் முதல் மனையில், இழப்பு எட்டாவது மனையில், நடுவில் ஆறு வீடுகள் கட்டி முடிந்து குடியேறிவிட்டன.

கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டோட்டல் ஸ்டேஷன் தூரத்தையும் கோணத்தையும் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் தரும். செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் டிஜிபிஎஸ் கருவி, நல்ல வானம் தெரியும் இடத்தில், திருத்தத் தகவல் கிடைத்தால், சில சென்டிமீட்டர் துல்லியம் தரும். மரத்தடியிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் தடுமாறும். கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே ஏறத்தாழ ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டலாம். 40 அடி என்பது 12 மீட்டர்தான். அதனால் கைபேசி ஆப்பில் நிலத்தைச் சுற்றி நடந்து பார்ப்பது ஐந்து ஏக்கர் தோப்புக்கு உத்தேசமாகச் சொல்ல உதவும், மனைக்கு உதவாது.

நான்கு பக்கம் தெரிந்தால் மனை தெரிந்துவிடாது

பத்திரங்களில் வழக்கமாக நான்கு பக்க அளவு மட்டும் இருக்கும். கிழமேல் வடபுறம் 40, தென்புறம் 40, தென்வடல் கீழ்புறம் 60, மேல்புறம் 60, ஆக 2400 சதுர அடி. இது செவ்வகமாக இருந்தால்தான் சரி. நான்கு பக்கமும் அதே அளவில் வைத்துக்கொண்டு மனை சாய்ந்து நிற்கலாம், பழைய மரக் கட்டில் ஆடிப்போய்ச் சாய்ந்து நிற்குமே, அந்த மாதிரி. 15 டிகிரி சாய்ந்தால் பரப்பு 2318 சதுர அடி. பக்கங்கள் எல்லாம் சரி, 82 சதுர அடியைக் காணோம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஓர் அளவு போதும், மூலைக்கு மூலை. 40க்கு 60 செவ்வகத்தின் மூலைவிட்டம் 72 அடி 1¼ அங்குலம் சுமார். இரண்டு மூலைவிட்டமும் அந்த அளவு வந்தால் செவ்வகம். ஒன்று கூடி மற்றது குறைந்தால் சாய்ந்திருக்கிறது. கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பதும் இதே கணக்குதான். புதிதாக எழுதும் பத்திரத்தில் மூலைவிட்டத்தையும் எழுதச் சொல்லுங்கள், அளவையாளரின் வரைபடத்தையும் இணையுங்கள். அடுத்த தலைமுறைக்கு ஒரு வழக்கு குறையும்.

பட்டாவோடு ஒப்பிட அலகு மாற்றம் தெரிய வேண்டும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி, ஓர் ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1076 சதுர அடி. ஆகவே 2400 சதுர அடி மனைக்குப் பட்டாவில் 2.23 ஏர்ஸ் இருக்க வேண்டும். 2.00 ஏர்ஸ் என்று இருந்தால் வித்தியாசம் 247 சதுர அடி. இது முழு எண்ணாக்கியதில் வந்தது என்று விட்டுவிடக் கூடிய அளவே அல்ல.

எந்தக் கட்டத்தில் யாரை அமர்த்துவது

வாங்கும் முன், விற்பவரின் அனுமதியோடு, தனியார் அளவையாளர் அல்லது உரிமம் பெற்ற அளவரை வைத்து அளந்து பாருங்கள். வேகம் முக்கியமான கட்டம் இது. விற்பனை ஒப்பந்தத்தில் "தரையில் அளந்து வரும் பரப்புக்கே விலை" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால், குறைந்தாலும் கசப்பில்லாமல் முடியும். அளக்கவே விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அதுவே போதுமான பதில்.

பக்கத்துக்காரரோடு ஏற்கெனவே முணுமுணுப்பு இருந்தால் தனியாரோடு நிறுத்தாதீர்கள். அரசு அளவருக்கு மனு போட்டு, அறிவிப்போடு அளக்க வையுங்கள். பக்கத்துக்காரர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது கல்லைவிட வலுவான எல்லை. அவர் வர மறுத்தாலும் அறிவிப்பு கொடுத்தது பதிவாகியிருக்கும்.

ஒரு புலத்தில் ஒரு பகுதியை வாங்கினால் உட்பிரிவோடு கூடிய பட்டா மாறுதல் வேண்டும். கூட்டுப் பட்டாவில் பெயர் மட்டும் சேர்ந்தால் உங்கள் பங்கு எந்தப் பக்கம் என்று பதிவேட்டில் எங்கும் இருக்காது.

வீடு கட்டும்போது, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் முன், மூலைப் புள்ளிகளைத் தனியார் அளவையாளர் மறுபடி வைத்துத் தரட்டும். வீட்டைச் சுற்றி விட வேண்டிய பக்கத் திறவிடம் எல்லைக் கோட்டிலிருந்து கணக்கு. கோடு ஓரடி தவறினால் அனுமதி பெற்ற பிளானில் ஓரடி மீறல். காம்பவுண்டுச் சுவர் உங்கள் கோட்டுக்குள் இருந்தால் போதாது, மண்ணுக்குக் கீழே அகலமாகப் போகும் அதன் அஸ்திவாரமும் உள்ளேயே இருக்க வேண்டும்.

நத்தம், அதாவது கிராமத்துக் குடியிருப்புப் பகுதி மனைக்கு வேறு பதிவேடு. நத்தம் நிலவரித் திட்டத்தில் வரைந்த படமும் அடங்கலும் வேண்டும். வழக்கு நீதிமன்றம் போய்விட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26, விதி 9இன்படி நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு வந்து அளந்து தரும் அறிக்கைதான் அங்கே பேசும்.

அமர்த்தும்போது கேட்க வேண்டியவை

விலையை மட்டும் கேட்டு அமர்த்துவதுதான் வழக்கம். கீழே உள்ளவற்றையும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

1. எந்தக் கற்களை அல்லது அடையாளங்களை ஆதாரமாக எடுப்பீர்கள்? குறைந்தது மூன்றைப் படத்தில் காட்டுவீர்களா?
2. புலப்படத்தில் உள்ள அளவையும் தரையில் வந்த அளவையும் பக்கம் பக்கமாக எழுதித் தருவீர்களா? வித்தியாசம் வந்தால் அதை மறைத்துப் பங்கிட்டுவிடாமல் அப்படியே காட்ட வேண்டும்.
3. மூலைவிட்டம், வடக்குத் திசை, அளவுத்திட்டம், தேதி, கையெழுத்து, உரிம எண் எல்லாம் படத்தில் இருக்குமா?
4. தற்போதுள்ள சுவர், வேலி, மரம், மின்கம்பம், கிணறு, பாதை எல்லாவற்றையும் குறிப்பீர்களா? பாதையும் மின்கம்பியும் விற்பவர் சொல்லாமல் விடும் விஷயங்கள்.
5. மூலைகளில் கல் நடுவது உங்கள் வேலையில் சேருமா?
6. கணினிக் கோப்பையும் தருவீர்களா? பிளான் போடுபவருக்கு அது நேரடியாகப் பயன்படும்.

நீங்கள் அவருக்குக் கொடுக்க வேண்டியவை: கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, புலப்படம், கிராம வரைபடம், அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டாக இருந்தால் அந்த வரைபடம். கிராம வரைபடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் போவது ஓடைப் புறம்போக்கா, வண்டிப்பாதையா, வெறும் தரிசா என்பது அதில்தான் தெரியும். கோடையில் வாங்கிய ஓடையோர மனை ஐப்பசியில்தான் தன்னைக் காட்டும்.

அளந்தபின் ஒத்துப்போகாவிட்டால்

பரப்பு குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது பத்திரத்தின் நான்கு எல்லைகளை. எல்லை ஒன்று சொல்லி, பரப்பு வேறு சொன்னால் பொதுவாக எல்லைகளுக்கே முதலிடம் என்று நீதிமன்றங்கள் கொள்கின்றன. "இந்தச் சாலைக்கு வடக்கு, அந்த வாய்க்காலுக்குத் தெற்கு" என்று தெளிவாக இருந்தால், நடுவில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் விற்கப்பட்டது. பரப்பை மட்டும் பிடித்துக்கொண்டு பக்கத்துக்காரரிடம் கேட்க முடியாது.

பரப்பு கூடினால் மகிழ்ச்சி வேண்டாம். கூடிய பகுதி புறம்போக்காகவோ பக்கத்துக்காரருடையதாகவோ இருக்கலாம். நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வரை போகும்.

பக்கத்துச் சுவர் உங்கள் கோட்டுக்குள் வந்திருப்பதாகத் தெரிந்தால் காலம் தாழ்த்துவது ஆபத்து. தனியார் நிலத்தில் ஒருவர் எதிரிடையாகப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அனுபவித்தால், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி அதை மீட்கும் உங்கள் உரிமையே போய்விடலாம். பேசித் தீர்ப்பது நல்லது, ஆனால் பேசியதை எழுத்தில் வையுங்கள்.

பட்டா, புலப்படத்திலேயே பிழை என்றால் அளவர் களத்தில் வைத்துத் திருத்தித் தர முடியாது. பழைய பதிவேட்டு நகல்களோடு வருவாய் அலுவலர்களிடம் திருத்த மனு போட வேண்டும். மாதங்கள் ஆகும். கட்டுமானத்தை அதற்குள் தொடங்கினால் பிழையின் மேல் வீடு நிற்கும்.

எல்லாம் ஒத்துப்போய்க் கல்லும் நட்டாயிற்று என்றால் கடைசியாக ஒரு மணி நேர வேலை இருக்கிறது. ஒவ்வொரு கல்லையும் சுற்றிக் கான்கிரீட் போடுங்கள். பக்கத்தில் உள்ள இரண்டு நிலையான பொருள்களிலிருந்து, கிணற்று விளிம்பு, மின்கம்பம் என்று, கல் எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதி, டேப் தெரியும்படி படம் எடுத்துப் பத்திரத்தோடு வையுங்கள். அரசு நட்ட எல்லைக் கல்லை அழிப்பதும் நகர்த்துவதும் பழைய தண்டனைச் சட்டத்தின் 434ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் குற்றம்தான். ஆனால் குழாய் பதிக்க வரும் பொக்லைன் இயந்திரத்துக்குச் சட்டம் தெரியாது. அது கல்லைப் பெயர்த்துப் போட்ட மறுநாள், அந்த இரண்டு அளவும் இருந்தால், டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தை நீங்களே காட்டிவிடலாம்.